நான்குவழிச்சாலைக்கு அடித்த மண்ணில் தாழி ஓடு: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

சானல்கரை (ஞாயிறு, இரவு 9.40)

வணக்கம். நான் கன்னியாகுமரி மாவட்டம், தோவாளை தாலுகா. ஊர்ப் பெயரை இங்கே எழுதவில்லை, அதற்குக் காரணம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன். எங்கள் ஊருக்குத் தெற்கே வயலுக்கு நடுவில் நான்குவழிச்சாலைக்காக மண் அடித்து உயர்த்திக்கொண்டிருக்கிறார்கள். வயல் பள்ளம் என்பதால் ஓர் ஆள் உயரத்துக்கும் மேலே மண் வேண்டியிருக்கிறது, ராத்திரி பகலாக டாரஸ் லாரி ஓடுகிறது. இன்று சாயங்காலம் மாட்டைத் தேடிப் போனபோது புதிதாகக் கொட்டியிருந்த ஒரு குவியலில் பானை ஓடுகள் துருத்திக்கொண்டு நின்றன. ஒன்றிரண்டு இல்லை, குனிந்து பார்த்தால் குவியல் முழுக்க ஓடு.

பெரிய ஓடு ஒன்றைக் கையில் எடுத்தேன். கட்டைவிரல் அகலத்துக்குக் கனம். வெளிப்புறம் செங்கல் நிறம், உடைந்த ஓரத்தைப் பார்த்தால் நடுவில் கரி மாதிரி ஒரு கறுப்புக் கோடு, அதற்குள் அரிசிக் குறுணை அளவில் வெள்ளை வெள்ளையாக வெங்கச்சங்கல். கழுத்துப் பக்கம் கயிறு சுற்றியது போல ஒரு பட்டை ஓடுகிறது. உற்றுப் பார்த்தால் அது கயிறு இல்லை, ஈர மண்ணில் விரலால் அமுக்கி அமுக்கி வைத்த பள்ளங்கள். அந்தப் பள்ளத்தில் என் விரலை வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. அமுக்கியது என் விரலைவிடச் சின்ன விரல். அதற்கப்புறம் அங்கிருந்து கிளம்ப மனசே வரவில்லை.

இன்னொன்று சின்ன ஓடு, ஒரு கிண்ணத்தின் விளிம்பு போல. மேலே கறுப்பு, கீழே சிவப்பு, உள்பக்கம் முழுக்கக் கறுப்பு, எண்ணெய் தேய்த்தது மாதிரி வழவழப்பு.

நாளைக்குக் காலையில் ரோலர் ஏறிவிடும். யாரிடம் சொல்ல வேண்டும்? இது என்ன?

மேலேவிளை (ஞாயிறு, இரவு 10.05)

தம்பி, அவசரப்பட வேண்டாம். குலுக்கை ஓடாகவும் இருக்கலாம். எங்கள் அம்மாச்சி வீட்டில் நெல் போடுகிற மண் குலுக்கை இருந்தது, அதுவும் இப்படித்தான் நல்ல கனம். வீடு இடிக்கும்போது உடைத்து மண்ணோடு போட்டுவிட்டோம். பழைய வீட்டு மனையில் மண் எடுத்திருந்தால் இதெல்லாம் வரும்.

வரலாறு டீச்சர் (ஞாயிறு, இரவு 10.50)

அண்ணாச்சி சொல்வது நியாயமான சந்தேகம்தான். குலுக்கை ஓடு என்றால் பெரிய ஓட்டோடு அது முடிந்திருக்கும். ஆனால் அந்தச் சின்ன ஓடு வேறு கதை சொல்கிறது.

மேலே கறுப்பு, கீழே சிவப்பு, உள்ளே கறுப்பு. இதைக் கறுப்பு சிவப்புப் பானை என்பார்கள். இரண்டு சாயம் பூசியது இல்லை. பானையைச் சூளையில் கவிழ்த்து வைத்துச் சுடும்போது வாயும் உள்பக்கமும் உமி, வைக்கோல், சாம்பலுக்குள் புதைந்து காற்றுப் படாமல் கறுத்துப்போகும், வெளியே காற்றுப் பட்ட பாகம் மட்டும் சிவக்கும் என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். நம் தாத்தா பாட்டி காலத்துக் குயவர்கள் புழக்கத்துக்குச் செய்த சாமான் இது இல்லை. தென்தமிழ்நாட்டில் இது தாழியோடு, அதாவது இறந்தவர்களை வைத்துப் புதைத்த பெரிய மண்பானையோடு, சேர்ந்து வந்தால் இரும்புக்காலத்து ஈமக்காடு என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். விரல் பதித்த பட்டை தாழியின் கழுத்தில் நிறையவே வரும்.

சானல்கரை தம்பி, நான்கு காரியம் செய்யுங்கள். ஓட்டைக் கழுவாதீர்கள். குவியலை அப்படியே படம் எடுங்கள், பக்கத்தில் ஒரு பேனா வைத்து எடுங்கள், அளவு தெரியும். எந்த லாரி என்று தெரிந்தால் நம்பரைக் குறியுங்கள். நாளைக்குத் திங்கள்கிழமை, கலெக்டர் ஆபீசில் மனு நாள். எழுத்தில் கொடுத்துவிட்டு ரசீது வாங்குங்கள். வாயால் சொன்னது எங்கேயும் நிற்காது.

விளவங்கோட்டுக்காரன் (ஞாயிறு, இரவு 11.15)

எங்கள் மேற்குப் பக்கம் பெரியவர்கள் இதை மலையாளத்தில் நன்னங்ஙாடி என்பார்கள். கிழக்கே மதமதக்கத் தாழி. என் பாட்டி சொல்லுவாள், அந்தக் காலத்தில் மனுசருக்குச் சாவே வராதாம், வயசாகி வயசாகிச் சுருங்கி மாடக்குழியில் வைக்கிற அளவுக்கு ஆகிவிடுவார்களாம், அப்புறம் தாழிக்குள் சோறும் தண்ணியும் விளக்கும் வைத்து உட்கார வைப்பார்களாம். சின்ன வயசில் அதைக் கேட்டு ராத்திரி தூங்கினதில்லை. பொய்க்கதைதான், ஆனால் தாழிக்குள் சின்னச் சின்னக் கலயங்கள் இருக்கும் என்பதைப் பார்த்த யாரோ ஒருவர்தான் அந்தக் கதையை முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

சைட்டுக்காரன் (திங்கள், காலை 6.20)

நான் ரோட்டு வேலையில் சூப்பர்வைசராக இருந்தவன், இந்த மாவட்டத்திலும் வேலை பார்த்திருக்கிறேன். உள்ளதைச் சொல்கிறேன். ஹிட்டாச்சி ஒரு வாய் அள்ளினால் ஒரு கன மீட்டர் பக்கம் வரும். ஆபரேட்டர் ஏழடி உயரத்தில் கேபினுக்குள் உட்கார்ந்திருக்கிறார், ராத்திரி ஷிப்ட், தூசி, லோடு கணக்கு. அவர் கண்ணில் ஓடு படவே படாது. பட்டாலும் அது என்ன என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்தது கிடையாது.

நான்குவழிச்சாலை ஒப்பந்தங்களில் பொதுவாக ஒரு சரத்து இருக்கும், தோண்டும்போது தொல்பொருள் கிடைத்தால் அது அரசுக்குச் சொந்தம், வேலையாட்கள் எடுத்துப் போகாமலும் சேதம் பண்ணாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று. நான் பார்த்த ஒரு சைட்டில்கூட அந்தச் சரத்தைக் கீழே வேலை செய்கிறவனுக்கு வாசித்துக் காட்டியதில்லை. நானும் வாசித்துக் காட்டவில்லை. ஒரு தடவை மண் குழியில் பெரிய பானை ஒன்று முழுசாகத் தெரிந்தது, தங்கம் இருக்கும் என்று ஆள் கூடிவிட்டார்கள், உடைத்தார்கள், உள்ளே மண்ணும் நாலு எலும்புத் துண்டும். மேலே இருந்தவரிடம் சொன்னேன், லோடு நிற்கக் கூடாது என்றார். பன்னிரண்டு வருசம் ஆகிறது. இன்னும் எனக்கு அது உறுத்தல்தான்.

ஏழு சென்ட் (திங்கள், காலை 8.00)

எல்லோரும் ஓட்டைப் பற்றிப் பேசுகிறீர்கள், நிலம் வைத்திருக்கிறவன் நிலையை யாராவது யோசித்தீர்களா? எனக்கு ரோட்டுக்கே ஏழு சென்ட் போய்விட்டது, மிச்சம் இருப்பது ஒரு துண்டு விளை. தொல்லியல் துறை வந்தால் நூறு மீட்டருக்குள் செங்கல் வைக்கக் கூடாது என்பார்கள். தாழி கிடைத்தால் ஊரில் யாரும் வாயைத் திறக்காமல் மண்ணைத் தள்ளி மூடுவது அதனால்தான்.

வரலாறு டீச்சர் (திங்கள், காலை 8.45)

உங்கள் பயம் புரிகிறது, அதனால் விவரமாகவே சொல்கிறேன். நூறு மீட்டருக்குள் தடை, அதற்கு மேல் இருநூறு மீட்டர் கட்டுப்பாடு என்பது 1958ஆம் வருசத்து மத்திய சட்டத்தில் 2010இல் சேர்த்தது. அது மத்திய அரசு பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று முறையாக அறிவித்த இடங்களுக்கு. நம் மாவட்டத்தில் சிதறால் மலை, வட்டக்கோட்டை போல. விளையில் நாலு ஓடு கிடைத்த உடனே அது உங்கள் தலையில் விழாது. பெரும்பாலான இடங்களில் வந்து பார்த்து, பதிந்து, தேவையானால் கொஞ்சம் தோண்டி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

மூடி மறைப்பதில்தான் சட்டச் சிக்கல். 1878ஆம் வருசத்துப் புதையல் சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. மண்ணுக்குள் கிடைக்கிற, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கண்டெடுத்தவர் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். பத்து ரூபாய் என்பது அந்தக் காலத்துப் பத்து ரூபாய், ஆனால் சட்டத்தில் இன்றைக்கும் அதுதான் எழுதியிருக்கிறது.

ஏழு சென்ட் (திங்கள், காலை 9.10)

சரி டீச்சர். இதை எங்கள் ஊரில் வந்து யாராவது முன்னாடியே சொல்லியிருக்கலாம்.

பழைய சர்வேயர் (திங்கள், மதியம் 1.30)

ஒரு விஷயத்தை யாரும் தொடவில்லை. ஓடு கிடைத்தது ரோட்டில். ஆனால் தாழி புதைந்திருந்த இடம் ரோடு இல்லை. வயலுக்கு நடுவே எந்தக் காலத்திலும் யாரும் தாழி புதைக்க மாட்டார்கள். அந்த மண் எங்கே வெட்டியது என்று பாருங்கள்.

நான் முப்பது வருசம் இந்த மாவட்டத்தில் சங்கிலி பிடித்தவன். அந்தக் காலத்து ஆட்கள் பிணம் புதைக்க விளைகிற பூமியை எடுத்ததில்லை. குளத்தையோ ஆற்றையோ ஒட்டி, தண்ணி ஏறாத மேடு, சரளை கிடக்கிற, புல்கூடச் சரியாக முளைக்காத பரம்பு, பொத்தை என்கிற சின்னக் குன்றின் அடிவாரம், அங்கேதான் வைத்தார்கள். ஆதிச்சநல்லூரைப் பாருங்கள், தாமிரபரணிக்குத் தென்கரையில் 114 ஏக்கர் சரளை மேடு. வெள்ளைக்காரத் தொல்லியல் அதிகாரி அலெக்சாண்டர் ரீ தோண்டினபோது பாறையையே குடைந்து தாழியை இறக்கியிருந்ததைப் பார்த்தார்.

இப்போது ரோட்டுக்கு மண் தேடுகிறவர்களும் அதே மாதிரி பூமியைத்தான் தேடுகிறார்கள். விளைச்சல் இல்லாத மேடு, சரளை கலந்த செம்மண், லாரி போக வழி, கேட்க ஆள் இல்லாத இடம். மூவாயிரம் வருசத்துக்கு முன்னால் செத்தவர்களுக்கு ஒதுக்கின பூமியும் இன்று ஹிட்டாச்சி நிற்கிற பூமியும் ஒன்றாகப்போவது தற்செயல் இல்லை. ரோடு போகிற பாதையை மட்டும் பார்த்து ஒரு புண்ணியமும் இல்லை. மண் குழியைப் பார்க்க வேண்டும்.

சைட்டுக்காரன் (திங்கள், மதியம் 2.10)

அண்ணாச்சி சொன்னது நூற்றுக்கு நூறு. சானல்கரை, லாரி டிரைவரிடம் கேளுங்கள், அதிகாரியிடம் கேட்பதைவிடச் சீக்கிரம் தெரியும். டீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள்.

முட்டம் கடல் (திங்கள், மாலை 5.00)

தலைப்பில் தாழி என்று இருக்கிறது, ஆனால் அதைவிடப் பழைய சாமான் இன்னும் சுலபமாகப் போய்விடும். தூத்துக்குடிப் பக்கம் சாயர்புரம், மெஞ்ஞானபுரம் தேரிகளில், அதாவது செம்மணல் மேடுகளில், கிடைத்த நுண்கற்கருவிகளைப் பற்றி சாய்னர், ஆல்ச்சின் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1956இல் எழுதினார்கள். நகம் அளவுக் கல் சில்லுகள், செர்ட் கல்லிலும் வெங்கச்சங்கல்லிலும் செதுக்கியது. எங்கள் முட்டம் பக்கத்திலும் அந்தச் சிவப்புத் தேரி மண் இருக்கிறது. சிவப்பு மண் என்றால் ரோட்டுக்கும் மனைக்கும் அடிக்க நல்லது என்று லோடு லோடாகப் போகிறது. தாழி என்றால் உடைந்தாலும் நாலு பேர் கண்ணில் படும். நகம் அளவு கல்லை யார் பார்க்கப்போகிறார்கள்?

ரப்பர் தோட்டம் (திங்கள், மாலை 5.45)

ஒரு சந்தேகம். தாழியை வரலாற்றுக்கு முந்தையது என்று சொல்லலாமா? கல் கருவிக்குத்தானே அந்தப் பேர்?

வரலாறு டீச்சர் (திங்கள், இரவு 8.30)

எழுத்து கிடைக்கிற காலத்துக்கு முன்னால் உள்ளதெல்லாம் வரலாற்றுக்கு முற்பட்ட காலம். இரும்புக்காலத்தின் பெரும்பகுதி அதில்தான் வரும். அந்தக் காலம் எவ்வளவு பின்னால் போகிறது என்பதே நம் கண் முன்னால் மாறிக்கொண்டிருக்கிறது. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் தாழிகளோடு கிடைத்த இரும்புக்கு கி.மு. 3345 வரை காலக்கணிப்பு வந்ததைத் தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்தது. அதே சிவகளையில் ஒரு தாழிக்குள் இருந்த நெல்லுக்குக் கிடைத்த தேதி கி.மு. 1155.

அந்த நெல்லைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தாழிக்குள் இருந்த மண்ணைத் தட்டிக் கொட்டிவிட்டுப் பானையை மட்டும் கழுவி அலமாரியில் வைத்திருந்தால் அந்த நெல் இல்லை, அந்தத் தேதியும் இல்லை. ஓட்டைக் கழுவாதீர்கள் என்று முதலிலேயே நான் சொன்னது இதற்குத்தான்.

முட்டத்துத் தம்பி கேட்டதற்கும் ஒரு பதில். இந்தியாவில் பழைய கற்காலக் கருவி என்று முதன்முதலில் அடையாளம் கண்டது 1863 மே 30, பல்லாவரம், நிலவியல் ஆராய்ச்சியாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட். எங்கே கிடைத்தது தெரியுமா? படை அணிவகுப்பு மைதானத்தில் சரளை வெட்டின குழியிலிருந்து வெளியே தள்ளிப் போட்டிருந்த குப்பையில். ஒரு சரளைக் குழி ஓரத்தில் நின்று குனிந்து பார்த்த ஒரு ஆள், அவ்வளவுதான்.

சான் டியேகோ நாகர்கோவிலான் (செவ்வாய், காலை 7.15)

ஊர்க்காரர்களுக்கு வணக்கம். இங்கே அமெரிக்காவில் நான் வேலைக்குப் போகிற வழியில் 54ஆம் நம்பர் ரோடு இருக்கிறது. 1992இல் அந்த ரோட்டு வேலையில் மாஸ்டோடான் என்கிற யானை மாதிரி மிருகத்தின் எலும்பு வந்தது. அதைப் பார்த்தவர் ரிச்சர்ட் செருட்டி, அருங்காட்சியகத்து ஆள். மண் தோண்டும்போது பக்கத்திலேயே நின்று பார்ப்பதுதான் அவர் வேலை. 2017இல் நேச்சர் இதழில் கட்டுரை வந்தது, 1,30,000 வருசத்துக்கு முன்னால் மனிதர்கள் அந்த எலும்பை உடைத்திருக்கிறார்கள் என்று. நிறைய ஆராய்ச்சியாளர்கள் அதை ஒத்துக்கொள்ளவில்லை, ரோட்டு மெஷின் பட்டும் எலும்பு அப்படி உடையலாம் என்கிறார்கள். சண்டை ஓயவில்லை.

யார் சொல்வது சரி என்பது கிடக்கட்டும். தோண்டுகிற இடத்தில் பார்ப்பதற்கென்றே சம்பளத்துக்கு ஒரு ஆள் நின்றார், அதனால்தான் சண்டை போடவாவது அங்கே எலும்பு மிஞ்சியது. நம் ஊரில் ஒரு மண் குழிக்கு ஒரு ஆள் போட முடியாதா? தொல்லியல் படித்துவிட்டு வேலை இல்லாமல் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மேலேவிளை (செவ்வாய், காலை 9.00)

நல்ல யோசனை தம்பி. ஹரப்பாவிலேயே வெள்ளைக்காரன் செங்கலைப் பெயர்த்து லாகூர், முல்தான் ரயில் பாதைக்கு அடியில் போட்டான் என்று படித்திருக்கிறேன். அப்போது அது என்ன என்று தெரியாது. இப்போது நமக்குத் தெரியும்.

குலுக்கை என்று நான் முதலில் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

சானல்கரை (ஞாயிறு, இரவு 8.20)

ஒரு வாரம் எழுத முடியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

திங்கள்கிழமை மனு கொடுத்தேன், ரசீது இருக்கிறது. வி.ஏ.ஓ.விடமும் ஒரு நகல். ரோட்டில் கிடந்த குவியல் மேல் ரோலர் அன்றைக்கே ஏறிவிட்டது, பதினொரு ஓடு மட்டும் என்னிடம் மிச்சம்.

டிரைவர் ஒருவர் இடத்தைச் சொன்னார். எங்கள் ஊரிலிருந்து ஐந்து கிலோமீட்டர் இருக்கும், ஒரு பொத்தையின் அடிவாரம், கீழே குளம். சர்வேயர் அண்ணாச்சி சொன்ன அதே மாதிரி பூமி, பார்த்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது. நிலத்துக்காரரிடம் கேட்டு, நேற்று நானும் டீச்சரும் அண்ணாச்சியும் போனோம். இந்த இழையில் பேசியதால்தான் மூன்று பேரும் முதல் தடவையாக நேரில் பார்த்துக்கொண்டோம்.

இரண்டு ஆள் ஆழத்துக்குச் சுவர் மாதிரி வெட்டியிருக்கிறார்கள். மேலே ஒரு முழம் வேரோடு கூடிய செம்மண், அதற்குக் கீழே கெட்டிச் சரளை. அந்தச் சரளையில் முதலில் எனக்கு எதுவுமே தெரியவில்லை. டீச்சர் நிழல் விழுகிற மாதிரி ஒரு பக்கமாக நின்று காட்டினார். அப்புறம் தெரிந்தது. சரளைக்கு நடுவே ஒரு பெரிய முட்டையைப் பாதியாக வெட்டியது போல வளைவு, வளைவு நெடுக ஒரு விரல் கனத்தில் சிவப்புக் கோடு, அதற்குள் இருக்கிற மண் மட்டும் வேறு நிறம், சரளை இல்லாத பொடி மண். அந்தச் சிவப்புக் கோடுதான் தாழி. பக்கத்தில் இன்னொன்று. கொஞ்சம் தள்ளி மூன்றாவது, அதன் வாய் மேல் ஒரு பலகைக் கல் சரிந்து கிடந்தது. ஹிட்டாச்சிப் பல் மூன்றின் வயிற்றையும் கிழித்துக்கொண்டு போயிருக்கிறது.

நடுத் தாழிக்குள், அடிப்பக்கம், ஒரு சின்னக் கலயம் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. முழுசு. மேலே கறுப்பு, கீழே சிவப்பு. கை நீட்டினால் எடுத்துவிடலாம். எங்களோடு வந்த பையன் ஒருவன் கையை நீட்டியும்விட்டான், டீச்சர் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அதற்குள் என்ன வைத்தார்களோ அது அப்படியே இருக்கட்டும் மக்கா, எடுக்கத் தெரிந்தவர்கள் வந்து எடுக்கட்டும் என்றார்.

படம் எடுத்தோம், அண்ணாச்சி டேப் பிடித்து அளந்து எழுதினார். ஊர்ப் பெயரை நான் இங்கே எழுதாதது இதற்குத்தான், தங்கம் தேடி யாராவது ராத்திரியோடு ராத்திரியாக வந்து உடைத்துவிடுவார்கள். மண் வெட்டுகிற சூப்பர்வைசரிடம் போய்ப் பேசினோம். சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். வந்து நின்று பார்த்தார், கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, அந்த மூலையைச் சுற்றிக் கயிறு கட்டச் சொல்லிவிட்டு மெஷினை மறுபக்கம் திருப்பிவிட்டார். எத்தனை நாளைக்கு அவரால் முடியும் என்று தெரியவில்லை, அவருக்கும் லோடு கணக்கு இருக்கிறது. தொல்லியல் துறைக்குப் படங்களோடு தபாலும் அனுப்பியாகிவிட்டது.

நாஞ்சில் வாசகி (ஞாயிறு, இரவு 9.05)

புறநானூற்றில் 256ஆம் பாட்டு நினைவுக்கு வருகிறது. கணவனை இழந்தவள் குயவனைப் பார்த்து, எனக்கும் சேர்த்துத் தாழியை அகலமாக வனைந்து கொடு என்று கேட்பாள். நீங்கள் முதல் பதிவில் எழுதிய அந்தச் சின்ன விரல் பள்ளம் ஒரு வாரமாக என் மனதில் நிற்கிறது அண்ணா.

ஏழு சென்ட் (ஞாயிறு, இரவு 9.30)

அந்த நிலத்துக்காரருக்கு நஷ்டம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவரிடம் டீச்சர் சட்டத்தை விளக்கிச் சொல்லட்டும். தேவையானால் நானும் வந்து பேசுகிறேன், நிலம் போனவன் சொன்னால் நிலம் வைத்திருக்கிறவன் கேட்பான்.

பழைய சர்வேயர் (ஞாயிறு, இரவு 9.50)

இப்போதைக்கு என் கவலை மழை. மே கடைசி வந்துவிட்டது, தென்மேற்குச் சாரல் இறங்கினால் வெட்டின சுவர் நிற்காது, கலயம் குழிக்குள் விழும். சுவருக்கு மேலே தண்ணி ஓடாமல் ஒரு சின்ன வாய்க்கால் கீறி, முன்னால் தார்ப்பாய் தொங்கவிட வேண்டும். தார்ப்பாய் சுவரைத் தொடக் கூடாது, அரை முழம் தள்ளி நிற்க வேண்டும்.

சைட்டுக்காரன் (ஞாயிறு, இரவு 10.00)

என்னிடம் இருபதுக்கு முப்பது தார்ப்பாய் ஒன்று சும்மா கிடக்கிறது. சவுக்குக் கம்பும் இருக்கிறது. நாளைக்குக் காலை ஆறு மணிக்கு ஆரல்வாய்மொழி ஜங்ஷனில் நிற்கிறேன், சானல்கரை, எனக்குத் தனியாக வழி அனுப்புங்கள்.

சானல்கரை (ஞாயிறு, இரவு 10.04)

அனுப்பிவிட்டேன் அண்ணே. மண்வெட்டி நான் கொண்டுவருகிறேன்.